எழுபதுக்குக் கீழே

செப்டம்பர் 8, திங்கள்

23-ஆம் எண் கிளிக்கரின் மூலையில் பல் தடம் இருந்தது. மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். துணியை வைத்துத் துடைத்தபோது காய்ந்திருந்த எச்சில் ஈரமாகி என் விரலில் வழவழத்தது. பாக்குத்தூள் வாடை. கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். சாப்பிடும்போது மறுபடியும் வந்தது.

இன்றிலிருந்து எனக்குப் புது வேலை. போன வாரம் வரை இந்தப் பொறியியல் கல்லூரியின் முதல் மாடியை பாப்பாத்தி அக்காவோடு கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேலரி ஹாலில் கிளிக்கர் பெட்டிக்கு ஆள். கிளிக்கர் என்பது உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான், பின்னால் ஓர் எண். மேடம் திரையில் கேள்வி போடுவார். பிள்ளைகள் பதிலை அழுத்துவார்கள். எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்று திரையில் கோடுகள் எழும்பும். மொத்தம் எண்பது. வகுப்புக்கு முன் கொடுக்க வேண்டும், முடிந்ததும் வாங்கித் துடைத்து, பெட்டிக்குள் அதனதன் குழியில் வைக்க வேண்டும்.

"ரிமோட்டுத் தொடைக்கறதுக்கு ஒரு ஆளா? போ அம்மணி போ, நாங் கக்கூசக் கழுவறேன், நீ டீவி பாரு" என்றார் பாப்பாத்தி அக்கா.

இது என் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நோட்டு. இருபது பக்கம்தான் எழுதியிருந்தது. அம்மாவுக்கு முதுகுவலி வந்ததால் நின்றுவிட்டேன். மீதித் தாள் வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுகிர்தா மேடம் முதல் வகுப்பிலேயே ஒரு விதி சொன்னார். அவர் இந்த வருடம்தான் சேர்ந்தவர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று அக்கா சொன்னார். பாடம் இங்கிலீஷில்தான் எடுப்பார். ஆனால் இதைத் தமிழில் சொன்னார்.

"கை தூக்கச் சொன்னா யாரும் தூக்க மாட்டீங்க. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவீங்க. அதனாலதான் இது. திரையில உங்க பேர் வராது, முகம் வராது, பயப்படாம அழுத்துங்க. எழுபது சதவீதத்துக்குக் கீழ சரியா வந்துச்சுன்னா தமிழ்ல திரும்பச் சொல்வேன். மேல வந்துச்சுன்னா அடுத்த பாடம்."

என் இடம் கடைசி வரிசைக்குப் பின்னால், புரொஜெக்டர் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னே இருக்கும் பெஞ்சின் அடிப்பக்கம் எனக்கு நேராகத் தெரிகிறது. சூயிங்கம், மூக்குச்சளி, ஒட்டிய முடி. இவர்கள் வீட்டில் இப்படித்தான் தடவுவார்களா?

மேடம் கேட்ட கேள்வி: ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த இரும்பும் மரமும், எதன் வெப்பநிலை குறைவு? முக்கால்வாசிப் பேர் இரும்பு என்றார்கள். சரியான விடை முப்பது சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. மேடம் தமிழில் திரும்பச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான், இரும்பு நம் கையிலிருந்து சூட்டை வேகமாக எடுத்துக்கொள்கிறது, அதனால் சில்லென்று இருக்கிறது.

விடியக்காலை இரும்பு வாளியைத் தொடும்போது எனக்குச் சில்லிடும். துடைப்பக்கட்டை சில்லிடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நான் அதை யோசித்ததே இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வராதவர்களின் கிளிக்கரை நண்பர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பிரணவ் என்ற பையன் பதினொன்றை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறான், சீட்டுக்கட்டு மாதிரி. அழுத்தினால்தான் வருகைப் பதிவு விழும். கேள்வியைப் படிக்காமலேயே கட்டை விரலால் வரிசையாக அழுத்துகிறான்.

"டேய், எனக்கும் அழுத்துடா, கை வலிக்குது" என்றான் பக்கத்தில் படுத்திருந்தவன். அவன் கையில்தான் அவன் கிளிக்கர் இருந்தது.

மேடத்துக்குத் தெரியவில்லை. அவர் திரையைத்தான் பார்க்கிறார், பெஞ்சைப் பார்ப்பதில்லை.

திருப்பித் தரும்போது தூக்கி எறிகிறார்கள். நெஞ்சில் பட்டது ஒன்று. கையில் தருவது 7-ஆம் எண் பெண் மட்டும்தான். "இந்தாங்கக்கா" என்றாள். என் வயதுதான் இருக்கும். பெயர் சங்கவி, கொல்லிமலை ஊராம். அவளுடைய கிளிக்கர் எப்போதும் வேர்வையில் நனைந்திருக்கும். அதைத் துடைக்கும்போது மட்டும் எனக்குக் குமட்டுவதில்லை.

செப்டம்பர் 17, புதன்

துறைத்தலைவர் நாச்சிமுத்து சார் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் ரப்பர் பேண்டுகள் கிடந்தன. பிடித்துவிட்டாராம். நல்லது என்று நினைத்தேன்.

கார் சாவியால் காதைக் குடைந்துகொண்டே பேசினார்.

"உம் பேரென்ன புள்ள?"

"கோகிலவாணிங் சார்."

"சத்தமே வரமாட்டேங்குது. நல்லதுதான், இந்த வேலைக்குச் சத்தம் வேண்டாம். அடுத்த மாசக் கடைசியில ஒரு கமிட்டி வருது. இந்தக் கருவி வந்து பசங்க எப்படி மாறியிருக்காங்கன்னு பாக்க வர்றாங்க. எண்பதுக்கு எண்பது பதிவாகணும். பசங்க கையில குடுத்தா ரப்பர் பேண்டு போட்டு மானத்த வாங்கறானுங்க. இனிமே வராதவன் கிளிக்கர் உங்கிட்டயே இருக்கட்டும். மேடம் கேள்வி போட்டா நீயே அழுத்திரு."

"எதைங் சார்?"

"எதையோ ஒண்ண. உனக்கென்ன தெரியப்போவுது."

"மேடத்துக்கு..."

"மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சாவியின் நுனியைப் பார்த்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அந்தப் பையன்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று படியிறங்கும்போது தோன்றியது. ரப்பர் பேண்டு இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, வியாழன்

பத்தொன்பது பேர் வரவில்லை. பத்தொன்பதையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டு அழுத்தினேன். அடுத்தவர் பல்துலக்கியை எடுத்து வாயில் வைப்பதுபோல் இருந்தது.

மேடத்திடம் சார் எதுவும் சொல்லவில்லை. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கண்டபடி அழுத்தினால் சந்தேகம் வரும். அதனால் பாடத்தைக் கவனித்துச் சரியானதையே அழுத்துகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வராதது பெரும்பாலும் அதே பத்தொன்பது பேர்தான். முதலில் 41-ஐ அழுத்துவேன். அந்தப் பையன் மிதுன் ஒரு நாள்கூட வந்ததில்லை, கல்லூரி அறங்காவலர் ஒருவரின் அக்கா மகனாம். அதனால் 41 மட்டும் எச்சில் படாதது. பொத்தான் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. 41-ஐ அழுத்தியபின் திரையைப் பார்ப்பேன். பதிவாகிவிட்டது என்று மூலையில் 41 பச்சையானதும் மற்ற பதினெட்டு.

இங்கிலீஷ் பாதிதான் புரியும், மேடம் வரையும் படத்தை வைத்து மீதியைப் பிடித்துக்கொள்வேன். சில கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மேடம் முப்பது விநாடி தருகிறார். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு முப்பது விநாடி தந்ததில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். 41 முதலிடம். பலகையின் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன். அழுக்காக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் இன்றே கல்லூரியில் பூஜை. கடைசல் எந்திரம், கணினி, பேருந்து எல்லாவற்றுக்கும் வைத்தது போக, எண்பது கிளிக்கருக்கும் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். நேராகப் பொத்தான் மேலேயே. நாச்சிமுத்து சார் பெட்டிக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்தனம் காய்ந்து பொத்தான் உள்ளே போனது மேலே வரவில்லை. பஞ்சுக் குச்சியை வைத்து ஒவ்வொன்றாக நோண்டினேன். பாப்பாத்தி அக்கா உதவிக்கு உட்கார்ந்தார்.

"பொட்டு வெச்சா மட்டும் படிச்சிருவானுங்களாக்கும். இந்தா, இதென்ன 41-ஐ மட்டும் தனியா மடியில வெச்சிருக்கற?"

"அது தொடச்சாச்சுங்கக்கா."

"பூன குட்டியப் பொத்தி வெச்ச மாதிரி வெச்சிருக்கற" என்று சிரித்தார்.

அக்டோபர் 6, திங்கள்

மிதுன் வந்தான்.

வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாசனை வந்தது. என்னிடம் கையை நீட்டினான். 41-ஐக் கொடுத்தேன். கொடுக்கத்தானே வேண்டும்.

மேடம் அவனை எழுப்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"இவர்தான் 41. ரெண்டு வாரமா முதல் இடம். க்ளாஸ்ல இவரோட குரல யாராவது கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. கூச்சப்படற ஒருத்தரோட மூளை இந்தக் கருவி இல்லேன்னா நமக்குத் தெரிஞ்சிருக்காது."

பின் வரிசையில் சிரிப்பை அடக்கினார்கள். பிரணவ் பெஞ்சுக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"எப்படிப் படிக்கறீங்க மிதுன்?"

"ஒரு ஃப்ளோல வந்துருது மேடம்."

கை தட்டினார்கள். நான் குனிந்து பெட்டியின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுட்டது. கூச்சப்படுகிறவர் என்று மேடம் சொன்ன இடத்தில் அவர் கண் என் பக்கம் வந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

திருப்பித் தரும்போது 41-இன் முதுகில் சூயிங்கம். எண்ணின் மேலேயே ஒட்டியிருந்தான். இன்னும் சூடாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். எண்ணில் ஒன்று அழிந்துவிட்டது, நான்கு மட்டும் இருக்கிறது. பேனாவால் ஒன்று எழுதினேன்.

அக்டோபர் 9, வியாழன்

பெண்கள் கழிப்பறையில் கடைசிக் கதவு மதியத்திலிருந்து சாத்தியே இருந்தது. தட்டினேன். சங்கவி திறந்தாள். மூடிய கோப்பையின் மேல் டிபன் பாக்ஸ், புளிச்சோறு. பக்கத்திலேயே பினாயில் பாட்டில்.

"இங்க உக்காந்தா சாப்பிடுவாங்க?" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை.

"வெளிய உக்காந்தா பாடத்தப் பத்திப் பேசறாங்கக்கா. எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சிரும்."

டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு தாள். டி.சி. கேட்டு விண்ணப்பம். அவள் மறைக்கவில்லை.

"ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். மொத ரெண்டு வாரம் மேடம் திரும்பத் தமிழ்ல சொன்னாங்க, நல்லாப் புரிஞ்சுது. இப்பச் சொல்றதே இல்ல. எப்பப் பாத்தாலும் எழுவத்தொண்ணு, எழுவத்தி மூணுன்னு வருது. எல்லாத்துக்கும் புரிஞ்சிருது. எனக்கு மட்டுந்தான் மண்டையில ஏறல. எங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன், தீவாளி முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கதவைக்கூடச் சாத்தவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைய ஒரு கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் ஐம்பத்தேழு பேர் சரி, எண்பதுக்கு. எழுபத்தொரு சதவீதம். மேடம் அடுத்த பாடத்துக்குப் போனார்.

அந்த ஐம்பத்தேழில் பத்தொன்பது நான். ஹாலில் இருந்தது அறுபத்தொரு பேர், சரியாகச் சொன்னவர்கள் முப்பத்தெட்டு. அறுபத்திரண்டு சதவீதம்தான் வருகிறது.

இரண்டாவது முறையும் போட்டேன். அதே விடை.

பெஞ்சுக்கு அடியில் தடவுகிறவர்களைப் பற்றி இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இன்று என் கையைத்தான் மோந்து பார்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஒரு கேள்விக்கும் அழுத்தவில்லை. பத்தொன்பதும் மடியில் சும்மா கிடந்தன. அறுபதுக்கும் கீழே போனது. மேடம் தமிழில் திரும்பச் சொன்னார். சங்கவி குனிந்து குனிந்து எழுதினாள்.

சாயங்காலமே சார் கூப்பிட்டார். கையில் கணினித் தாள்.

"இன்னைக்கி அறுபத்தொரு பேர் பதிவுதான் விழுந்திருக்கு. என்ன புள்ள, தூங்கிட்டியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தன நாள் சராசரி எவ்வளவு அழகா வந்துச்சு. நீ அழுத்தறதெல்லாம் சரியாவேற இருக்குது, யாருகிட்டயோ கேட்டுக்கறயாட்ட இருக்குது, கேட்டுக்க. ஆனா இன்னொரு நாள் இப்படி விழுந்துச்சுன்னா கூட்டற வேலையும் கெடையாது. வீட்டுக்குப் போயிரலாம். வெளங்குச்சா?"

"சரிங் சார்."

அந்தச் "சரிங் சார்" வாயில் இன்னும் கசக்கிறது.

அக்டோபர் 15, புதன்

மறுபடியும் பத்தொன்பதும் சரி. எழுபத்தாறு.

அக்டோபர் 16, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று ஹால் வாசலில் காத்திருந்தேன். நோட்டுகளை அணைத்துக்கொண்டு வந்தார். நின்றார்.

"என்ன கோகிலா?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவரும் காத்திருந்தார். முப்பது விநாடிக்கு மேலேயே காத்திருந்திருப்பார்.

"பேட்டரி தீந்துருச்சா? நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்படித்தான் பதினொன்றாம் வகுப்பிலும் நின்றேன். வேதியியல் சார் கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஒரு பீரியடு முழுக்க நிற்க வைத்தார். "ஊமைக்கு எதுக்குடா சயின்ஸ் குரூப்பு" என்றார். அப்புறம் பாவாடை நனைந்தது. முன் பெஞ்சுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வாடை எனக்கு மறக்கவில்லை. மறுநாள் போகவில்லை.

அம்மாவின் முதுகுவலி அடுத்த வருடம்தான் வந்தது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி விடுமுறை முடிந்து திறந்தது. ஹாலில் வெடிமருந்து வாடையும் பழைய பலகார எண்ணெய் வாடையும். கிளிக்கர் எல்லாம் பிசுக்கு. சங்கவியின் அப்பா முப்பதாம் தேதி வருகிறாராம். 7-ஆம் எண்ணைக் கொடுக்கும்போது, "இன்னும் ஒரு வாரந்தாங்கக்கா" என்றாள், பஸ் ஏறப் போகிறவள் மாதிரி.

அக்டோபர் 28, செவ்வாய்

நாளை கமிட்டி. பாப்பாத்தி அக்காவும் நானும் பெஞ்சுக்கு அடியில் கத்தியால் சுரண்டினோம். ஒரு வாளி நிறைந்தது.

"இத அப்படியே கமிட்டிக்கு வடை போட்டுக் குடுக்கோணும்" என்றார் அக்கா.

சார் வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்தார். சி என்று எழுதியிருந்தது. நாளை மேடம் போடப்போகும் கேள்விக்கு விடை. மேடத்தின் கணினியிலிருந்து முன்கூட்டியே பார்த்துவிட்டிருக்கிறார்.

"பத்தொம்பதும் சி. ஞாபகம் வெச்சுக்க. கமிட்டிக்காரங்க முன்னாடி எண்பது சதவீதத்துக்குமேல ஏறணும். நல்லபடியா முடிஞ்சா நாச்சிமுத்து ஒன்னைய மறக்க மாட்டான்."

சீட்டு அவர் உள்ளங்கை வேர்வையில் நனைந்திருந்தது.

அக்டோபர் 29, புதன்

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு சார், ஒரு நரைத்த அம்மா. முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து சார் வாசல் பக்கம் கைகட்டி நின்றார். அங்கிருந்து என் நாற்காலி நேராகத் தெரியும். இன்றுகூடப் பத்தொன்பது பேர் வரவில்லை. வராதவர்கள் வெறும் பெஞ்சாகத் தெரியாமல் இருக்க, மற்றவர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருந்தார். மிதுன் வரவில்லை.

மேடம் பாடத்தை முடித்துக் கேள்வியைப் போட்டார்.

மூடிய அறையில் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தே வைத்தால் அறை என்ன ஆகும்? ஏ, குளிரும். பி, மாறாது. சி, சூடாகும். டி, முதலில் குளிர்ந்து பிறகு பழையபடி ஆகும்.

சீட்டு இல்லாமலே எனக்குத் தெரியும். கேன்டீன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கூட்டப் போனால் கரப்பான் குஞ்சுகள் அப்பிக்கொண்டிருக்கும், அந்த வெதுவெதுப்புக்கு. உள்ளே இழுக்கிற சூட்டையெல்லாம் பின்னால்தான் விடுகிறது, மோட்டாரின் சூட்டையும் சேர்த்து.

சங்கவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். விரல் பொத்தான் மேல் இருந்தது, அழுத்தவில்லை. பக்கத்துப் பெண் அழுத்துவதைப் பார்த்துவிட்டு அதையே அழுத்தினாள்.

இருபது விநாடி போயிற்று. பதினெட்டையும் ஏ அழுத்தினேன். கடைசியாக 41. என் மடியில் இருக்கும்போது அது ஒரு கேள்விக்கும் தப்பாகச் சொன்னதில்லை. அதையும் ஏ அழுத்தினேன்.

திரையில் சி ஐம்பது சதவீதம்.

நாச்சிமுத்து சாரின் கை அவிழ்ந்தது. மேடம் திரையைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சாக்பீஸை எடுத்தார்.

"இது எழுபதுக்குக் கீழ. எங்க க்ளாஸ்ல ஒரு விதி இருக்கு, தமிழ்ல திரும்பச் சொல்லணும்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

அப்புறம் ஒரு குரல் வந்தது.

"எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லீங் மேடம்."

சங்கவி. சிலர் சிரித்தார்கள்.

"சரி, கடையில ஐஸ்கிரீம் பெட்டி?"

"எங்க மலையில செம்மேட்டுக் கடையில இருக்குதுங். அதுக்குக் கீழ காலுல அனல் அடிக்கும்."

"அந்த அனல் எங்கிருந்து வந்துச்சு?"

சங்கவி யோசித்தாள். மேடம் காத்திருந்தார். அந்த நரைத்த அம்மா முழுதாகத் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"உள்ள இருந்த சூடுதாங் மேடம். அப்ப, கதவத் தொறந்து வெச்சா... இங்க எடுத்து இங்கயே விடும். ரூமு ஆறவே ஆறாதுங்."

"உக்காருங்க. எல்லாரும் மறுபடியும் அழுத்துங்க."

நாச்சிமுத்து சார் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். ஏ, பி, சி என்று மூன்றாவது. அவசரமாக, இரண்டு முறை காட்டினார். முப்பது விநாடி ஓடத் தொடங்கியது.

பத்தொன்பதையும் அதனதன் குழியில் வைத்தேன். 41-ஐக் கடைசியில் வைத்தேன். பெட்டியை மூடி, இரண்டு கொக்கியையும் மாட்டினேன்.